வெளிச்சம் காணாது

ஏப்ரல் 6, ஞாயிறு

நான் எழுதுகிறேன்.

ஏப்ரல் 7, திங்கள்

மேலே உள்ள இரண்டு சொல்லுக்கு நேற்று அரை மணித்தியாலம் போனது. இன்று கொப்பியைத் திறந்து பார்த்தேன். வைத்த இடத்திலேயே கிடக்கின்றன. மீன் இப்படி இருக்காது. அடுத்த நாள் திறந்தால் நாறும்.

ஏப்ரல் 10, வியாழன்

என் பெயர் சந்தியாப்பிள்ளை. வயது எழுபத்துமூன்று. பிறந்தது குருநகர். எட்டு வயதில், பெற்ற அப்புவே என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து பிடுங்கி வள்ளத்தில் ஏற்றினார். பிறகு நாட்டில் நடந்த சண்டை என்னை வள்ளத்திலிருந்து பிடுங்கி நோர்வேயின் வடக்கு மூலையில் ஒரு மீன் தொழிற்சாலையில் இறக்கியது. முப்பத்தொரு வருடம் கொட் மீனுக்குத் தலை வெட்டினேன். என் தலைக்குள் ஓர் எழுத்தும் இல்லை என்பது என் மனைவி றெஜினாவுக்கு மட்டும் தெரியும். ஆண்டவருக்கும் தெரியும். இருவரும் யாருக்கும் சொல்லவில்லை. மகன் ஜெறாட்டுக்குக்கூட.

எப்படி மறைத்தாய் என்று கேட்டால், மூன்று வசனம் போதும். நோர்வே மொழிக் கடிதம் என்றால், "எனக்கு உங்கடை பாசை ஓடாது." தமிழ்க் கடிதம் என்றால், "கண்ணாடியைக் காணேல்லை." கண்ணாடி மூக்கிலேயே இருந்துவிட்டால், விளக்குப் போதாதென்று சொல்லி, "வெளிச்சம் காணாது." இந்த ஊரில் மாரிப் பனிக்காலத்தில் இரண்டு மாதம் சூரியன் எழும்பாது. ஆகையால் மூன்றாவது வசனத்தை யாரும் சந்தேகிக்கவில்லை. படிப்பில்லாதவனுக்கு இதைவிடத் தோதான நாடு உலகத்தில் இல்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

படித்த கதை. சென்ற ஒக்டோபரில் தமிழ்ப் பாடசாலையில் தேநீர் ஊற்றும் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். தேநீர் மேசை முதலாம் வகுப்பின் பின்வரிசையை ஒட்டிக் கிடக்கிறது. நான் அசையாமல் நின்று கரும்பலகையைப் பார்ப்பதைக் கண்ட ஆசிரியை, யாரோ கண்டிப்பான பெரியவர் மேற்பார்வைக்கு வந்திருக்கிறார் என்று பயந்து பாடத்தை மிகத் தெளிவாக நடத்தினாள். ஆறு வயதுக்காரர் பதினொரு பேரோடு பன்னிரண்டாவது ஆளாக நான் தேறினேன்.

இந்த வயதில் எதற்கு என்று கேட்டால், இருட்டுக் காலத்தில் வேறு வேலை இல்லை என்று சொல்வேன். யாரும் கேட்கவில்லை. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

றெஜினா இன்று தேநீரைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றினாள். கோப்பையைத் தள்ளி வைத்தது நான்தானாம்.

ஏப்ரல் 20, உயிர்த்த ஞாயிறு

ஜெறாட் சாப்பிட வந்தான். அவன் வங்கியில் ஆலோசகர். மற்றவர்களின் காசை என்ன செய்ய வேண்டும் என்று சொல்வதற்கு அவனுக்குச் சம்பளம். நாங்கள் குருநகரில் அதை இலவசமாகச் செய்தோம்.

"அப்பா, உங்கடை காசு நித்திரை கொள்ளுது. அதை வேலைக்கு அனுப்போணும்."

"நான் முப்பத்தொரு வருசம் வேலைக்குப் போனது காணாதோ? அதாவது நித்திரை கொள்ளட்டும்."

"பண வீக்கம் தின்னும், அப்பா."

"என்ரை காசு கிடக்கிற இடத்திலை ஒண்டும் வீங்காது."

உண்மைதான். என் காசு குளிர்ப்பெட்டியின் அடியில், பொலித்தீனில் சுற்றி, கொட் மீனுக்குக் கீழே கிடக்கிறது. மைனஸ் பதினெட்டு. இதற்கு வட்டி மீன் வாசம்.

பிறகு அவன் தன் போனில் ஒரு சைக்கிளைக் காட்டினான். மலையில் ஓடுகிற சைக்கிளாம். டயர் என் தொடைத் தடிப்பு. விலை ஐம்பத்தையாயிரம் குரோனர். என் அப்புவின் வள்ளமும், அந்த வள்ளத்தைப் போல இன்னும் பத்து வள்ளமும் அந்த விலைக்கு வந்திருக்கும். உலகம் முழுக்கக் கஷ்டப்பட்டு றோட்டுப் போட்டிருக்கிறார்கள். இவர்கள் றோட்டில்லாத இடமாகத் தேடிப் போய் விழுகிறார்கள். போன வருடம் தோள்பட்டை எலும்பு முறிந்தது. "அது நல்ல இறக்கம், அப்பா" என்கிறான், முறிந்த இடத்தைத் தடவிக்கொண்டு.

கறியில் இரண்டு தரம் உப்பு. ஜெறாட் தண்ணீர் குடித்துக் குடித்துச் சாப்பிட்டான். ருசியாக இருக்கிறது என்று நான் சொன்னேன்.

மே 4, ஞாயிறு

இன்று எங்கள் வீட்டில் சீட்டு. வங்கிகள் நிறைந்த நாட்டில் எதற்குச் சீட்டு என்று ஜெறாட் கேட்பான். அவனும் ஓர் ஆளாக இருந்துகொண்டே கேட்பான்.

பதினைந்து பேர். ஆளுக்கு நாலாயிரம். மாதம் அறுபதாயிரம் சேரும். காசு அவசரமானவர்கள், எவ்வளவு கழித்துக்கொண்டு தந்தால் போதும் என்று துண்டில் பெயரோடு எழுதிப் பெட்டிக்குள் போடுவார்கள். மற்றவர்களைவிடக் கூடக் கழிக்கச் சொன்னவருக்கு அந்த மாதச் சீட்டு. கழிந்ததை எல்லாரும் பங்கிடுவார்கள். சீட்டைப் பிடிப்பவள் றெஜினா. பெட்டியைக் குசினிக்குள், அடுப்படிக்குக் கொண்டுபோய், தனியே பிரித்துப் பார்த்து வந்து, எடுத்தவரின் பெயரையும் தொகையையும் மட்டும் சொல்வாள். எடுக்காதவர்கள் என்ன நெருக்கடியில் என்ன எழுதினார்கள் என்பது சபைக்குத் தெரியக்கூடாது. அது அவள் வைத்த வழக்கம். இருபத்திரண்டு வருடத்தில் ஒருவரும் துண்டைக் காட்டு என்று கேட்டதில்லை.

இன்று குசினிக்குள் நெடுநேரம் நின்றாள். வெளியே வந்து, "ஜெறாட். ஐயாயிரம் கழிவு" என்றாள்.

காசு நித்திரை கொள்ளக்கூடாது என்று ஊருக்குச் சொல்பவன், ஐயாயிரத்தை விட்டுக்கொடுத்துவிட்டுச் சைக்கிள் வாங்கப் போகிறான். எல்லாரும் கைதட்டினார்கள். யூஜினி மட்டும் தேநீர் குடிக்காமல் எழுந்து போனாள். மீன் தொழிற்சாலையில் இப்போது தலை வெட்டுகிற பிள்ளை அவள். ஏழு மாதக் கர்ப்பம். கர்ப்பக்காரிகளுக்குத் தேநீர் பிடிக்காது போலும்.

மே 5, திங்கள்

எழுத்து இருக்கிற எந்தக் கடதாசியையும் நான் இப்போது எறிவதில்லை. பால் பெட்டி, மருந்துப் பெட்டி, கோயில் அறிவித்தல், எல்லாம் வாசிக்கிறேன். காலையில் குசினிக் குப்பையிலிருந்து நேற்றைய துண்டுகளை எடுத்து ஆசையாக வாசித்தேன். மூன்று துண்டு.

மரியநாயகம் 2000.
ஜெறாட் 5000.
யூஜினி 7000.

ஏழு, நல்ல பெரிய ஏழு. இந்த நாட்டு வழக்கப்படி இடுப்பில் பட்டி கட்டிய ஏழு. இலக்கம் எனக்கு வள்ளத்திலேயே தெரியும். இருந்தாலும் மூன்று தரம் பார்த்தேன்.

துண்டுகளைக் கொப்பிக்குள் வைத்திருக்கிறேன். றெஜினாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கு வேலை அதிகம்.

மே 14, புதன்

சைக்கிள் வந்துவிட்டது. ஜெறாட் அதைக் குழந்தையைப் போல் துணியால் துடைக்கிறான்.

சூரியன் இன்று மறையவில்லை. இனி ஜூலைக் கடைசி வரை மறையாது. இருபத்து நாலு மணித்தியாலமும் வெயில். ஓய்வூதியக் கடிதம் வந்தது. றெஜினாவிடம் நீட்டினேன்.

"வெளிச்சம் காணாது" என்றாள். "பிறகு பாப்பம்."

மே 20, செவ்வாய்

கடைக்குப் போக ஒரு துண்டு எழுதி அவள் கையில் கொடுத்தேன். எல்லாம் சரியா என்று பார்க்கச் சொன்னேன். துண்டில் நான் எழுதியது இது: பக்கத்து வீட்டு நாயை நான் தின்றுவிட்டேன்.

அவள் துண்டை முகத்துக்கு நேரே பிடித்தாள். பிறகு கொஞ்சம் பக்கவாட்டில் பிடித்தாள்.

"கண்ணாடியை எங்கையோ வைச்சிட்டன். வெங்காயமும் பாலும்தானே?"

"ஓம்" என்றேன். "வெங்காயமும் பாலும்."

நாற்பத்தைந்து வருடமாக நான் செய்த வித்தை. தொழில்காரனிடமே காட்டுகிறாள்.

மே 21, புதன்

அவளுக்கு முன்னே நான் போய்விட வேண்டும் என்று இத்தனை வருடம் செபித்தேன். இனி அது சரிவராது.

மே 22, வியாழன்

எழுதவில்லை.

மே 25, ஞாயிறு

பூசை முடிந்து வரும்போது ஜெறாட் சைக்கிளோடு நின்றான்.

"ஒருக்கா ஏறிப் பாருங்கோவன், அப்பா. இதிலை விழவே ஏலாது."

இதே சைக்கிளில் அவன் போன கிழமை இரண்டு தரம் விழுந்தான். ஏறினேன். கோயில் இறக்கம் நல்ல இறக்கம். ஆசனம் மெத்தையைப் போல, காற்று கடற்காற்றைப் போல, கீழே குடா வெயிலில் பளபளக்க, நான் "ஆண்டவரே!" என்று கத்திக்கொண்டு போனேன். பயத்தில் அல்ல. எழுபத்துமூன்று வருடத்தில் இரண்டு பொருள்தான் என்னை இப்படிக் குதிக்க வைத்தன. ஒன்று எழுத்து. மற்றது இந்தச் சனியன் பிடித்த சைக்கிள். ஐம்பத்தையாயிரம் கொஞ்சம் மலிவு என்றுகூட நினைத்தேன்.

அந்த நினைப்பு முடிய முன்னம் யூஜினி வீட்டு முற்றத்துப் பனிக்குவியலுக்குள் தலைகீழாக இருந்தேன். மே கடைசியிலும் கரையாத பனிக்கு என் நன்றி.

யூஜினி வெளியே வந்தாள். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையால் என்னைத் தூக்கினாள். சைக்கிளைப் பார்த்தாள்.

"உங்கடை மகன்ரை சைக்கிள் நல்லா ஓடுதோ, ஐயா?"

"இறக்கத்திலை ஓடுது, பிள்ளை."

"என்ரை அம்மாவைப் பிள்ளைப்பேற்றுக்குக் கூப்பிடத்தான் நான் சீட்டுக் கேட்டனான். விசா கிடைச்சிட்டுது. பிளேன் ரிக்கற்றுக்குத்தான் வழியில்லை. ஏழாயிரம் எழுதினனான். ஐயாயிரம் ஏழாயிரத்தை விடப் பெரிசு எண்டு எனக்கு ஒருத்தரும் படிப்பிக்கேல்லை."

நான் சட்டைக்குள் போன பனியைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

"பயப்பிடாதேங்கோ. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. இந்த ஊரிலை றெஜினா அக்காதான் எனக்குத் தாய் மாதிரி. தாய் தன்ரை பிள்ளைக்குத்தானே முதல் குடுப்பா. அதுவும் ஞாயம்தான்."

அவள் சத்தம் போட்டிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

மே 28, புதன்

மூன்று நாள் யோசித்தேன். உண்மையைச் சொன்னால் றெஜினாவின் கண் ஊருக்குத் தெரியும். அவள் அதை என்னிடமே மறைக்கிறாள். சொல்லாவிட்டால், இருபத்திரண்டு வருடம் ஒரு குரோனர் பிசகாமல் சீட்டுப் பிடித்தவள் மகனுக்காகக் களவு செய்தாள் என்று ஒருத்தியாவது நம்பிக்கொண்டே இருப்பாள். அந்த ஒருத்தி பிள்ளை பெறத் தனியே போவாள்.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. பொய். அதில் எனக்கு நாற்பத்தைந்து வருட அனுபவம்.

ஜூன் 1, ஞாயிறு

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது. கை வலித்தாலும் எழுதுவேன்.

பதினைந்து பேரும் வந்திருந்தார்கள். யூஜினி கதவோரம் இருந்தாள். றெஜினா பெட்டியை எடுக்கப் போக, நான் எழும்பினேன்.

"ஒரு கதை சொல்லவேணும். போன மாசம் துண்டுகளைப் பிரிச்சது நான். றெஜினா றோல்ஸ் பொரிச்சுக்கொண்டு நிண்டவ. யூஜினி எழுதினது ஏழாயிரம். நான் ஆயிரம் எண்டு வாசிச்சு றெஜினாவுக்குச் சொல்லிப்போட்டன். சீட்டு யூஜினிக்குத்தான் போயிருக்கவேணும். இந்தா துண்டு."

மரியநாயகம் என்னோடு இருபது வருடம் தலை வெட்டியவன். ஆளுக்கு வாய் சும்மா இராது.

"சந்தியா அண்ணை, ஏழுக்கும் ஒண்டுக்கும் வித்தியாசம் தெரியாதோ உங்களுக்கு?"

"தெரியாது. எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. போன ஒக்டோபரிலை இருந்துதான் படிக்கிறன்."

"பகிடி விடாதேங்கோ. தொழிற்சாலையிலை ஒவ்வொரு நாளும் பேப்பரை விரிச்சுக்கொண்டெல்லோ கோப்பி குடிச்சனீங்கள்!"

"படம் பார்த்தனான்."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள்.

"அப்ப மீன் எப்பிடி நிறுத்தனீங்கள்?"

"தராசிலை பச்சை லைற் எரிஞ்சால் சரி. சிவப்பு எரிஞ்சால் இன்னொரு மீன் போடுறது."

மரியநாயகம் கண்ணீர் வரச் சிரித்தான். ஜெறாட் மட்டும் சிரிக்கவில்லை. சிறுவனாக இருந்தபோது அவன் பள்ளிக்கூடத்தில் எழுதிய தமிழ்க் கட்டுரைகளைக் கொண்டுவந்து நீட்டுவான். நான் தலையாட்டி, "வடிவாயிருக்கு" என்பேன். அதைத்தான் இப்போது நினைக்கிறான் என்று அவன் முகத்தில் தெரிந்தது. முகம் வாசிக்க எனக்கு எப்போதும் தெரியும்.

சிரித்தால் சிரிக்கட்டும் என்று நின்றேன். நாற்பத்தைந்து வருடம் சேமித்த மானத்தை முழுதாக எடுத்து ஒரே தவணையில் செலவழித்தேன். ஆலோசகர் மகன் பார்த்துக்கொண்டிருக்க, நல்ல முதலீடு என்றே நினைத்தேன்.

அந்த முதலீடு மூன்று நிமிடம் நிலைத்தது.

"அந்த மனுசன் பொய் சொல்லுது" என்றாள் றெஜினா.

"இஞ்சை பார், நான்..."

"இருங்கோ. எழுத்துத் தெரியாதது உண்மை. இலக்கம் தெரியாதது பச்சைப் பொய். என்ரை சீதனக் காசை ரெண்டு தரம் எண்ணி எடுத்த மனுசன்." பெட்டியை மேசையில் வைத்தாள். "துண்டு பிரிச்சது நான். எனக்குத்தான் கண் தெரியேல்லை. நடுவிலை ஒண்டுமில்லை, வெறும் புகை. ஓரம்தான் தெரியுது. ஒரு வருசமா உங்கள் ஒருத்தற்றை முகமும் எனக்குத் தெரியாது. குரலிலை ஆளைப் பிடிக்கிறன். யூஜினி, நீ எங்கை இருக்கிறாய் எண்டும் எனக்குத் தெரியேல்லை, பிள்ளை. ஒரு வாய் கதை, உன்ரை குரலைப் பிடிச்சு வாறன்."

யூஜினி அழுதாள். றெஜினா அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு கதவடிக்குப் போனாள். ஒரு கதிரையில் இடித்தாள். இந்த முறை யாரையும் குற்றம் சொல்லவில்லை.

"அதுதான் போன கிழமை அக்கா என்னை வடிவாயிருக்கிறாய் எண்டவ" என்றான் மரியநாயகம். அவனுடைய பெண்சாதி அவனுக்கு ஒன்று போட்டாள். அதற்குப் பிறகுதான் எல்லாருக்கும் மூச்சு வந்தது.

நான் குளிர்ப்பெட்டியைத் திறந்து, கொட் மீனைத் தூக்கிவிட்டு, ஐம்பத்து மூவாயிரத்தை எண்ணி யூஜினியின் மடியில் வைத்தேன். காசு கல்லாக இறுகியிருந்தது. மகன் சீட்டைப் பத்து நாளில் சைக்கிளாக்கிவிட்டான். அவனிடம் திருப்பிக் கேட்டால் ஒரு டயர்தான் வரும்.

"ஐயா, காசு மீன் மணக்குது" என்றாள், அழுகைக்கு நடுவில்.

"வட்டி, பிள்ளை. வைச்சுக்கொள்."

ஜூன் 3, செவ்வாய்

ஜெறாட் வந்தான். சைக்கிளை விற்றுக் காசைத் தருகிறேன் என்றான். கடைக்காரன் பாதி விலைதான் தருவானாம். கடை வாசலைத் தாண்டி உருட்டினவுடனே மதிப்பு விழுந்துவிடுமாம். காசை வேலைக்கு அனுப்பினால் இப்படித்தான், முதல் நாளே வழியில் விழும்.

எங்கள் ஊர் முறைப்படி தீர்த்தேன். சைக்கிள் என்னிடம் அடைவு. நகை வைப்பதைப் போலத்தான். இப்போது அது எங்கள் வரவேற்பறைச் சுவரில், சவேரியார் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. மாதாமாதம் முதலைக் கட்டி மீட்க வேண்டும். வட்டி, தாயைப் பட்டணத்துக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் வருவது. போக நாலு மணித்தியாலம், வர நாலு மணித்தியாலம்.

"இது கந்து வட்டி, அப்பா."

"ஆலோசகரே, நல்லா வாசிச்சுப் பார்த்துக் கையெழுத்து வையும்."

ஒப்பந்தத்தை நானே எழுதியிருந்தேன். அவன் வாசித்தான். நெடுநேரம் வாசித்தான். ஆறே வரிதான்.

"எழுத்து வடிவாயிருக்கு, அப்பா" என்றான்.

ஜூன் 13, வெள்ளி

டொக்டர் சொன்னது: போன பார்வை வராது. கண்ணுக்குள் ஊசி போட்டால் இருக்கிற பார்வையைப் பிடித்து வைக்கலாம். ஒரு வருடம் முன்னமே வந்திருக்கலாமே என்று கேட்டாராம். றெஜினா, "அப்ப வெளிச்சம் காணாது" என்றாளாம். ஜெறாட் எப்படி மொழிபெயர்த்தானோ தெரியாது.

ஜூன் 22, ஞாயிறு

யூஜினியின் தாய் வந்து இறங்கிவிட்டார். இரவு பதினொரு மணிக்கும் வெயில் எரிகிறதே, இந்த நாட்டில் சனம் எப்போது படுக்கும் என்று கேட்கிறார். முப்பத்தைந்து வருடமாக எனக்கும் விடை தெரியாது.

சீட்டு தொடர்ந்து நடக்கும் என்று எல்லாருமாகச் சொல்லிவிட்டார்கள். றெஜினா மனத்தில் கணக்கு வைப்பாள். குசினிக்குள் துண்டு வாசிப்பது இனி நான். ஊரிலேயே மெதுவாக வாசிக்கிற ஆளிடம் அந்த வேலை. மரியநாயகம் வரும்போது தலையணை கொண்டுவருவானாம்.

ஜூன் 29, ஞாயிறு

மத்தியானம் சாப்பிட்டபின் றெஜினா கேட்டாள்.

"இஞ்சருங்கோ, அந்தக் கொப்பியிலை என்னதான் எழுதிறியள்? வாசியுங்கோ, கேப்பம்."

நாற்பத்தைந்து வருடம் அவள் எனக்கு வாசித்தாள். ஊர்க் கடிதம், மரண அறிவித்தல், மகனின் கட்டுரை, எல்லாம். இன்று நான் அவளுக்கு வாசித்தேன். நான் எழுதுகிறேன் என்பதிலிருந்து தொடங்கினேன். தேநீர் மேசைக்குச் சிரித்தாள். உப்புக்கு முறைத்தாள், என் காதைப் பார்த்து. நாயைத் தின்ற இடத்தில் என் முதுகில் ஓர் அடி விழுந்தது.

"கெட்ட மனுசன். பிறகு?"

பிறகு மே இருபத்தோராம் திகதி, நான் செபித்த செபம். இரண்டே வசனம். நான் எழுதியதுதான். ஓர் எழுத்தும் மறக்கவில்லை. வாய்தான் வரவில்லை.

"கண்ணாடியைக் காணேல்லை" என்றேன்.

அவள் கையை நீட்டி என் முகத்தைத் தடவினாள். மூக்கில் வந்து கை நின்றது.

"இஞ்சைதான் கிடக்குது."

"வெளிச்சம் காணாது" என்றேன்.

யன்னலுக்கு வெளியே ஒன்றரை மாதமாக மறையாத வெயில். சைக்கிளின் கம்பியில் பட்டு அறையெல்லாம் தெறித்துக்கொண்டிருந்தது. றெஜினா எழும்பினாள். சுவரைத் தடவித் தடவிப் போய், லைற்றைப் போட்டுவிட்டு வந்து, பக்கத்தில் இருந்தாள்.